பெருவிரல்களைக் கட்டியது யார்?

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து மழையில் நனைந்த பஸ் டிக்கெட் மாதிரி இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இந்த ஐம்பத்திரண்டு வயதிலும் எனக்கு நிச்சயமில்லை. மகள் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் கண்ணுக்குத் தப்பியவற்றை நீங்கள் பார்க்காதது போலத் தாண்டிப் போய்விட வேண்டும்.

இன்று காலை எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. தினமும் எட்டு மணிக்கு எனக்கு ஒரு போன் வரும். இன்றைக்கு வரவில்லை. இப்போது எட்டு இருபது. நானாகப் போன் போட்டுக் கேட்கலாம். ஆனால் வேறு யாராவது பேசிவிட்டால்? அந்தப் பயத்தில் கை நடுங்குகிறது. பேனையைக் கொடுத்தால் நடுக்கத்துக்கு ஒரு வேலை கிடைக்கும் என்று தொடங்கிவிட்டேன். மனைவியும் மகளும் ஜிந்துப்பிட்டிக் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். வீட்டில் நானும் மின்விசிறியும்தான்.

விஷயம் இதுதான். நான் ஒருமுறை செத்துக் கிடந்திருக்கிறேன். பகல் பதினொரு மணிக்கு, வெள்ளவத்தையில், ஒரு புடைவைக் கடையின் மூன்றாம் மாடியில்.

கொட்டாஞ்சேனையில் இருந்து தினமும் வந்துபோய் அந்தக் கடையில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். கலியாண சாரிகளுக்குப் பேர்போன கடை. என் இடம் மூன்றாம் மாடி ஸ்டோர். வருகிற சாரிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கி, பெட்டிக்கு வெளியே நிறத்தையும் வகையையும் எழுதி ஒட்டுவதும், கீழே காட்சிக்கு நிற்கும் பொம்மைகளுக்குச் சாரி கட்டி அனுப்புவதும் என் வேலை. மனிதர்களோடு கதைக்கத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்கு மிகவும் பிடித்த வேலை. பொம்மைகள் கேள்வி கேட்பதில்லை. (மனைவியின் கருத்துப்படி நானும் ஒரு பொம்மைதான். சாரி மட்டும் கட்டுவதில்லை.)

வேலைக்குச் சேரும்போது நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். சாதாரண தரப் பரீட்சை வரை பள்ளியில் படித்தேன் என்று. அந்தப் பொய்யோடு நிம்மதியாகக் காலம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான், மூன்று வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, கைவிரல் வைத்து வரவு பதியும் மெஷினுக்குப் பக்கத்தில் ஓர் அறிவித்தல் தொங்கியது. எழுத்துக்கூட்டி வாசித்தேன். வேலை செய்யும் எல்லோருக்கும் முதலுதவிப் பயிற்சி கட்டாயம். ஒரு நாள் பயிற்சி. முடிவில் எழுத்துச் சோதனை. புள்ளிகள் பெயரோடு இதே பலகையில் ஒட்டப்படும்.

பாம்பு கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கடைசி வரி என்னைக் கடித்துவிட்டது. அறுபது பேர் பார்க்கும் பலகையில் என் பெயருக்கு நேரே ஒரு முட்டை! ஸ்டோர் மாணிக்கத்துக்கு எழுதவே தெரியாது என்று சேல்ஸ் பிள்ளைகள் முதல் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி வரை பேசிச் சிரிப்பார்கள். பொய் சொல்லி வேலைக்குச் சேர்ந்தவன் என்று முதலாளி கூப்பிட்டுக் கேட்டால்? யோசிக்க யோசிக்க நெஞ்சு உண்மையிலேயே அடைத்தது. பயிற்சிக்கு முதல் நாள் பின்னேரம் சூப்பர்வைசரிடம் போனேன்.

சூப்பர்வைசர் தியாகராசா அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான, உயரமான மனிதர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அதற்கு முந்திய வருடம்தான் இதயத்தில் அடைப்பு வந்து குழாய் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு குரல் குறைந்ததே தவிரக் கண்டிப்புக் குறையவில்லை.

"அண்ணே, நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு. நாளைக்கு லீவு தாங்க."

"நெஞ்சோ? சோதனை எண்டவுடன நெஞ்சு அடைக்குதோ? என்னட்டக் கதை விடாத. நாளைக்கு எனக்குக் களுபோவிலை ஆஸ்பத்திரியில கிளினிக். நான் பிந்தித்தான் வருவன். நீ போய்ப் பயிற்சியில இரு."

"உண்மையாத்தான் அண்ணே..."

"நடிக்காத மாணிக்கம். போ."

இந்த 'நடிக்காத' என்ற சொல்லைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் பயிற்சி எங்கள் ஸ்டோரில்தான் நடந்தது. அங்கேதான் நீளமான வெட்டு மேசை இருக்கிறது. பயிற்சி தர வந்தவர் ஒரு சிங்கள இளைஞர். நல்ல சிரித்த முகம். தமிழை ஆசையோடு உடைத்து உடைத்துப் பேசினார். எல்லோரும் மரியாதையாகச் 'சேர்' என்று கூப்பிட்டோம். வந்ததும் கையை விரித்தார்.

"சொரி. பயிற்சி பண்ணுற ரப்பர் பொம்மை வேற இடத்துல மாட்டிக்கிச்சு. நெஞ்சு அமுக்குறது தலகாணியில காட்டுறேன். கட்டுப் போடுறதுக்கு ஒரு மனுசன் வேணும். யாரு நோயாளி?"

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் என் மூளையில் ஒரு பல்ப் எரிந்தது. நோயாளி எப்படிச் சோதனை எழுதுவான்? இருபது வருடமாக ஒரு கூட்டத்தில் வாய் திறக்காத நான் கையை உயர்த்தினேன். மேசையில் ஏறிப் படுத்தபோது, வாழ்க்கையில் முதன்முறையாக நான் எடுத்த புத்திசாலித்தனமான முடிவு இது என்று நினைத்தேன்.

முதல் ஒரு மணித்தியாலம் சுகமாகவே போனது. மயங்கிக் கிடப்பவனைப் பக்கவாட்டில் திருப்புவது எப்படி என்று என்னை மூன்று தரம் உருட்டிக் காட்டினார். தூரத்துக் காலை மடக்கு, தோளையும் முழங்காலையும் பிடித்துத் தன் பக்கம் இழு, நாடியைக் கொஞ்சம் மேலே தூக்கு. ரொட்டி போடுவது மாதிரித் திரும்பிக்கொண்டிருந்தேன். பிறகு அவர், "இப்ப பெரிய எக்சிடன்ட் ஒண்ணு செய்வோம்" என்றார்.

பார்க்க உண்மை மாதிரி இருக்க வேண்டுமாம். சேல்ஸில் இருக்கும் ரிஸ்வானா தன் கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவைக் கொடுத்தாள். முகம் முழுக்கப் பூசினார்கள். துணியில் அடையாளம் போடும் நீலச் சோக்கை உரசி உதட்டில் தடவினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"இவருக்குத் தாடை உடைஞ்சிருக்கு" என்றார் சேர். காக்கி நிறத் துணியை நாடிக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டார். என் வாய் மூடிக்கொண்டது.

"ரெண்டு தோளும் அடிபட்டிருக்கு." இரண்டு கைகளையும் நெஞ்சின் மேல் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் கட்டினார்.

"வலது கால் முறிஞ்சிருக்கு. முறிஞ்ச காலை நல்ல காலோட சேர்த்துக் கட்டணும்." கணுக்கால் இரண்டையும் சேர்த்து இறுக்கினார்.

"கழுத்து அசையக் கூடாது." தலைக்கு இரண்டு பக்கமும் துணிச் சுருள்கள் வைத்தார்.

"உடம்புச் சூடு இறங்கக் கூடாது." தன் பையிலிருந்து ஒரு வெள்ளைப் போர்வையை எடுத்து மார்பு வரை போர்த்தினார்.

எனக்கு மேலே கூரை மட்டும்தான் தெரிந்தது. ஆனால் காது நன்றாகக் கேட்டது. சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றுகொண்டு வந்தது. முதலில் துணி வெட்டும் சந்திரன் அண்ணை. பிறகு தையல்காரர் இருவர். பிறகு பெண்கள். அந்தப் பெரிய அறையில் சேரின் குரல் மட்டும் உற்சாகமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு விளங்கிவிட்டது. நாடிக் கட்டு, கைக் கட்டு, கால் கட்டு, வெள்ளை. மேசை கிடந்த வாகில் என் தலை தெஹிவளைப் பக்கம், கால் பம்பலப்பிட்டிப் பக்கம். தெற்கே தலை. யாரோ ஒருவர் மெதுவாகச் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் ரிஸ்வானாதான் வாய் விட்டுச் சொன்னாள். "நானா, நீங்க மௌத்தாப் போன மாதிரியே இரிக்கீங்க. எழும்பிடுங்க நானா."

எழும்பியிருக்கலாம். ஆனால் எழும்பினால் சோதனை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. தீ விபத்து ஒத்திகையும் பயிற்சியில் ஓர் அங்கம் என்பது எனக்குத் தெரியாது. "எல்லாரும் படியால கீழ, கார் பார்க்குக்கு! ஓட வேணாம், வேகமா நடங்க! மெயின் சுவிட்ச் ஓஃப்! ரெண்டு பேர் நோயாளிய தூக்கிட்டு வாங்க!" என்று கத்திக்கொண்டே சேர் முன்னால் போனார். என்னைத் தூக்க நின்றது சந்திரன் அண்ணையும் ஒரு தையல்காரரும். துணி உருளைகளில் இருக்கும் இரண்டு நீளக் கம்புகளைக் கொண்டுவந்து குறுக்கே சாரியைக் கட்டினார்கள். கட்டி முடித்ததும் அது பாடையாகிவிட்டது.

"என்னண்டு அண்ணே இதுல தூக்குறது?" என்றது தையல்காரரின் குரல், மிகவும் மெல்ல. "உசிரோட இருக்கிற மனுசன..."

"நமக்கு அந்தப் பாவம் வேணாம்" என்றார் சந்திரன் அண்ணை. பிறகு என் காதருகே குனிந்து, "மாணிக்கம், கோவிக்காத. ஒத்திகைதானே. முடிஞ்சதும் வந்து கட்டவிழ்க்கிறோம்" என்றார்.

நான் "ம்" என்றேன். வாய் கட்டியிருந்ததால் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கட்டாமல் இருந்திருந்தாலும் அவ்வளவுதான் சொல்லியிருப்பேன்.

காலடிகள் இறங்கிப் போயின. மணி நின்றது. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார்கள் போல. விளக்கு, ஏசி, கீழே பாடிக்கொண்டிருந்த ரேடியோ, எல்லாம் ஒரேயடியாக நின்றன. அந்த ஸ்டோருக்கு ஜன்னல் இல்லை. சுவரின் உச்சியில் உள்ள ஒரு காற்றுத் துவாரத்தால் மட்டும் சாம்பல் நிற வெளிச்சம் வந்தது. இருபது வருடமாக எனக்குப் பழக்கமான அறை, வேறோர் அறையாகிவிட்டது. சுவரோரம் என் ஒன்பது பொம்மைகள், அன்றைக்குச் சாரி இல்லாமல், மொட்டைத் தலையோடு வரிசையாக நின்றன. பார்க்க முடியாவிட்டாலும் அவை என்னைப் பார்ப்பது தெரிந்தது. இவ்வளவு காலமும் நான் அவற்றைத் தூக்கிக் கிடத்தினேன். இன்றைக்கு என் முறை.

கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று போனது. மேசை மெல்ல நடுங்கி அடங்கியது.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. என் காலடியில் யாரோ நிற்பது போல ஓர் உணர்வு. நடந்து வந்த சத்தம் இல்லை. போர்வையின் நுனி மெதுவாக மேலே போனது. பாதத்தில் குளிர்ந்தது. பிறகு இரண்டு பெருவிரல்களும் ஒன்றையொன்று தொட்டன. ஏதோ ஒன்று அவற்றைச் சுற்றியது, ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். அவசரமே இல்லாமல், பழகிய கை மாதிரி. ஒரு சின்ன இழுப்பு. போர்வை மீண்டும் இறங்கியது.

தலையைத் தூக்கிப் பார்க்க முடியாது. கழுத்துக்கு இரண்டு பக்கமும் துணிச் சுருள். சேர்தான் மறந்துபோன கட்டு ஒன்றைத் திரும்பி வந்து போட்டுவிட்டுப் போகிறார் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். உடனே நம்பியும் விட்டேன். நம்பாவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் பின்படியில் உண்மையான காலடிச் சத்தம் கேட்டது. கூடவே ஒரு வறட்டு இருமல். தியாகராசா அண்ணை! கிளினிக் முடிந்து, கடைக்குப் பின்னால் உள்ள சின்ன ஒழுங்கையால் நடந்து வந்து, ஒத்திகை நடப்பது தெரியாமல் நேரே மேலே ஏறியிருக்கிறார்.

"என்ன, ஒருத்தரையும் காணேல்ல? கரண்டும் இல்லை..."

கதவடியில் காலடி நின்றது. நீண்ட நேரம் நின்றது.

"மாணிக்கம்?"

நான் "ம்" சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு 'ம்' இந்தக் கதையையே முடித்திருக்கும். ஆனால் அதற்குள் அவர் என் தலைமாட்டுக்கு வந்துவிட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவருடைய மூச்சுச் சத்தம் கேட்டது. ஓட்டைக் குழாயில் காற்றுப் போவது மாதிரி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதரின் இதயத்துக்குள் ஒரு குழாய் இருக்கிறது. நாடி கட்டி, உதடு நீலம் பூத்துக் கிடக்கும் பிணம் கண்ணைத் திறந்து 'ம்' என்றால், இந்த அறையில் உண்மையான பிணம் ஒன்று விழும். அதைக் கொன்றவன் நானாக இருப்பேன்.

அசையாமல் கிடந்தேன். மூச்சைக்கூட மெதுவாக, தவணை முறையில் விட்டேன்.

"என்னடா மாணிக்கம் இது..." அவர் குரல் இப்படி வரும் என்று நான் நினைத்ததே இல்லை. "கட்டியும் போட்டாங்கள். கட்டிப்போட்டு எல்லாரும் முதலாளியிட்டப் போயிட்டாங்கள் போல. ஒரு ஆளாவது பக்கத்தில இருந்திருக்கலாமே. தனிய விட்டிட்டுப் போறதே?"

கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நேற்று வந்து நெஞ்சு அடைக்குது எண்டவன். நான்... நான் நடிக்காத எண்டு சொன்னன். முருகா! நான்தானே சொன்னன்."

மூக்கைச் சிந்தினார். எனக்கு அழுகை வந்தது. (செத்தவன் அழக்கூடாது என்பது எவ்வளவு கடினமான சட்டம் என்று செத்துப் பார்த்தால்தான் தெரியும்.)

"டேய், உனக்கு ஒண்டு சொல்லோணும். நீ ஐஞ்சாம் வகுப்பு எண்டது எனக்கு முதல் கிழமையே தெரியும்."

என் இதயம் நின்றது. இந்த முறை உண்மையாகவே நின்றது.

"நீ பெட்டியில எழுதி ஒட்டுறது ஒண்டும் ஒருத்தருக்கும் விளங்காது. நீ ரயிலுக்கு ஓடின பிறகு நான்தான் அதைக் கழட்டிப் போட்டு, உன்ர எழுத்து மாதிரியே கோணலாத் திருத்தி எழுதி ஒட்டினனான். இருவது வருசமா. ஒருக்கா மயில் கழுத்து நிறம் எண்டு எழுதத் தெரியாமல் மயிலின்ர கழுத்தைப் படமாக் கீறி வைச்சாய். முதலாளி அதைப் பாம்பெண்டு நினைச்சுப் பெட்டியைத் திறக்கவே பயந்தவர். நான் சொன்னன், அது புது டிசைன் எண்டு..."

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. எனக்குள்ளும் அதே சத்தம் புறப்பட்டது. கட்டிய தாடை அதைத் தடுத்து நிறுத்தியது. இருபது வருடமாக நான் ஒளித்து வைத்திருந்த விஷயத்தை, இந்த மனிதர் எனக்குத் தெரியாமல் என்னோடு சேர்ந்து ஒளித்திருக்கிறார்! எழும்பி அவர் காலைத் தொட வேண்டும் போலிருந்தது. எழும்பினால் ஆள் போய்விடுவார். என்ன கொடுமை பாருங்கள்.

"நல்ல பெடியன்டா நீ. வாயில்லாத பெடியன். ஒரு நாளாவது உனக்கு ஒரு நல்ல சொல் சொன்னனானே?"

சொல்லுங்கள் அண்ணே, இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள் என்று மனம் கேட்டது. ஆனால் அவர் எழுந்துவிட்டார். என் நற்குணங்கள் அவ்வளவோடு முடிந்துவிட்டன.

மூலையில் சாமிப் படத் தட்டு இருக்கிறது. தீப்பெட்டி உரசும் சத்தம் கேட்டது. எண்ணெய் மணத்தது. சாமி விளக்கைக் கொண்டுவந்து என் தலைமாட்டில், காதுக்குப் பக்கத்தில் வைத்தார். சுற்றிவர நைலோன், ஜோர்ஜெட், பட்டு என்று மூன்றாயிரம் சாரி! தீ விபத்து ஒத்திகை நடக்கும் கட்டிடத்தில் உண்மையான தீ விபத்துக்கு எல்லா ஏற்பாடும் முடிந்தது. பிறகு ஒரு பிடி திருநீற்றை எடுத்து என் நெற்றியில் அப்பினார். மிச்சத் திருநீறு, ஏற்கெனவே பவுடர் நிறைந்திருந்த மூக்குக்குள் இறங்கியது.

தும்மல் வந்தது.

அடக்கினேன். என் உயிரைக் கொடுத்து அடக்கினேன். கண்ணுக்குள்ளே நிறம் நிறமாகச் சாரிகள் ஓடின. ஆனால் தும்மல் முதலாளி மாதிரி. வருவதென்றால் வந்தே தீரும். தாடை கட்டியிருந்ததால் அது வாயால் வர முடியாமல், மூக்கால், மனிதக் குரலில் சேர்க்க முடியாத ஒரு முழக்கத்தோடு வெளியே வந்தது. திருநீறும் பவுடரும் வெள்ளைப் புகையாக எழுந்தன. விளக்கு அணைந்தது.

அவர் கத்தவில்லை. "முரு..." என்றார். 'கா' வரவில்லை. பெட்டியிலிருந்து சாரி நழுவுவது போல அவர் மெதுவாக நழுவித் தரையில் விழும் சத்தம் கேட்டது.

அந்தக் கட்டிடத்தில் அப்போது இருந்தது இரண்டே பேர். ஒருவர் மயங்கிக் கிடக்கிறார். மற்றவர் பிணம். முதலுதவி தெரிந்த அறுபது பேரும் கார் பார்க்கில் வரிசையாக நின்று பெயர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எப்படி மேசையிலிருந்து விழுந்தேன் என்று தெரியாது. தோளில் அந்த அடி இன்றைக்கும் மழை நாளில் வலிக்கிறது. புழு மாதிரி நெளிந்து அவர் பக்கத்தில் போனேன். கை நெஞ்சோடு கட்டியிருக்கிறது. விரல்கள் மட்டும் வெளியே. என்ன செய்ய வேண்டும் என்று என் மூளைக்குத் தெரியவில்லை. ஆனால் உடம்புக்குத் தெரிந்தது. காலையில் மூன்று தரம் உருட்டப்பட்ட உடம்பு அல்லவா! என் முழங்காலால் அவருடைய தூரத்துக் காலை மடக்கினேன். விரல்களால் அவர் சட்டையைப் பிடித்து, பின்பக்கமாகச் சாய்ந்து முழு உடம்பாலும் இழுத்தேன். திரும்பினார். என் நெற்றியால் முட்டி அவர் நாடியை மேலே தூக்கினேன். மூச்சு வருகிறதா என்று பார்க்க என் கன்னத்தை அவர் வாய்க்கருகில் வைத்தேன். வந்தது. மெல்லிய, சூடான மூச்சு. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத மனிதரின் வாசம்.

அந்த நேரத்தில்தான் அவர் கண்ணைத் திறந்தார்.

அரை அங்குலத்தில் என் முகம். வெள்ளை முகம், நீல உதடு, நாடிக் கட்டு, நெற்றியில் திருநீறு. தைரியம் சொல்ல நினைத்துச் சிரித்தேன். அது என் வாழ்க்கையின் மிகப் பெரிய தவறு. அவர் மறுபடியும் மயங்கினார்.

விளக்குகள் திடீரென்று எரிந்தன. படியில் ஆட்கள் வரும் சத்தம். முதலில் வந்தவள் ரிஸ்வானா. மேசையில் பிணத்தைக் காணவில்லை. தரையில் பிணம் சூப்பர்வைசரின் மேல் குனிந்திருக்கிறது. அவள் போட்ட சத்தம் கீழே காலிக்குப் போகும் வீதியில் நின்ற பஸ்காரருக்கும் கேட்டிருக்கும்.

"அல்லாஹ்! நானா எழும்பிட்டாரு! எழும்பி அண்ணைட உசிர எடுத்துட்டாரு!"

சேர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து முழங்காலில் உட்கார்ந்தார். தியாகராசா அண்ணையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், மூச்சைப் பார்த்தார். பிறகு அவர் கிடந்த விதத்தைப் பார்த்து நிமிர்ந்தார்.

"இது யாரு திருப்பினது? சரியா புத்தகத்துல உள்ள மாதிரியே இருக்கு!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வாய் கட்டியிருந்தது. ஒருவேளை அதனால்தான், வாழ்க்கையில் முதல் தடவையாக, எல்லோரும் என்னைப் பார்ப்பது எனக்குக் கூச்சமாக இல்லை.

அண்ணைக்கு நினைவு வந்ததும் களுபோவிலைக்குக் கூட்டிப்போனார்கள். இரத்தப் பரிசோதனைக்காகக் காலையிலிருந்து வெறும் வயிறு, அதோடு அதிர்ச்சி, இதயத்தில் குறை ஒன்றுமில்லை என்று சொன்னார்களாம். எனக்குச் சோதனை வைக்கவில்லை. "அய்யா செஞ்சு காட்டிட்டாரு, எழுத வேணாம்" என்று சேர் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சான்றிதழ் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் சிரிப்புக் கதை.

ரிஸ்வானா கத்தரிக்கோலால் என் கட்டுகளை வெட்டினாள். நாடி, கை, கணுக்கால். பிறகு நிறுத்தினாள்.

"சேர், இதென்ன, பெருவிரலயும் கட்டி வச்சிரிக்கீங்க?"

சேர் வந்து பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "அது நான் கட்ட இல்ல" என்றார். "முதலுதவியில அப்பிடி ஒரு கட்டு இல்லவே இல்ல."

அது காக்கித் துணியும் இல்லை. கோடி வெள்ளை. நீளமாகக் கிழித்த ஒரு துண்டு. போர்வையில் கிழிசல் இல்லை. எங்கள் கடையில் வெள்ளைத் துணி விற்பதுமில்லை. கலியாணக் கடையில் அதை வைக்க முதலாளி விடமாட்டார். தான் கட்டவில்லை என்று சந்திரன் அண்ணை சத்தியம் செய்தார். தையல்காரர்கள் சத்தியம் செய்தார்கள். அந்தத் துண்டை எறியச் சொன்னேன். யார் எறிந்தது என்று பிறகு கேட்டேன். ஒருவரும் தான் எறிந்ததாகச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து நான் கால் இரண்டையும் சேர்த்துவைத்துப் படுத்ததில்லை. வேலி பாய்கிறவன் மாதிரி ஒரு கால் கிழக்கே, ஒரு கால் மேற்கே. கட்டில் முழுவதும் எனக்கு, பாய் மனைவிக்கு என்று ஆகிவிட்டது. சொந்தக்காரர்கள் வந்தால் முதலில் அவள் சொல்லும் கதை இதுதான். "அவரு செத்த பொறகுதான் இப்பிடி ஆயிட்டாரு" என்பாள். மகள் சில நாள் காலையில் என் காலடியில் வந்து நின்று, "அப்பா, விரல் ரெண்டும் தனித்தனியாத்தான் இருக்கு. எழும்புங்க" என்பாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்வேன்.

தியாகராசா அண்ணை குணமாகி வந்தபிறகு, அன்று சொன்னவற்றைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் தினமும் காலை எட்டு மணிக்கு ஸ்டோர் வாசலில் நின்று, "இருக்கிறியா?" என்று கேட்பார். "இருக்கேன்ணே" என்பேன். போய்விடுவார். போன வருடம் ஓய்வுபெற்று யாழ்ப்பாணத்தில் மகளோடு போய் இருந்தபிறகும் அது நிற்கவில்லை. சரியாக எட்டுக்குப் போன் வரும். "இருக்கிறியா?" "இருக்கேன்ணே." வைத்துவிடுவார். பெட்டிகளில் இப்போது என் எழுத்து, என் பிழைகளோடு அப்படியே இருக்கிறது.

இதை எழுதி முடிக்கும்போது மணி பதினொன்று தாண்டிவிட்டது. போன் அடித்தது. எடுத்தேன். எதிர்ப்பக்கத்தில் பேச்சில்லை. காற்றுச் சத்தம் மட்டும். முதன்முறையாக நான் கேட்டேன்.

"அண்ணே... இருக்கீங்களா?"

"இருக்கிறன்டா, இருக்கிறன். ராத்திரி தொடக்கம் கரண்ட் இல்லை. போனில சார்ஜ் இல்லை. நீ ஏன் அழுகிறாய்?"

"அழலண்ணே. தும்மல்."

"தும்மாத! உனக்குப் புண்ணியமாப் போகும், என்னோட கதைக்கேக்க தும்மாத."

இருவரும் சிரித்தோம். அந்தத் தைரியத்தில், மூன்று வருடமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"அண்ணே, அன்னைக்கு என் பெருவிரலக் கட்டினது நீங்கதானே? சொல்லுங்க, கோவிக்க மாட்டேன்."

மறுபக்கத்தில் அவருடைய அந்த வறட்டு இருமல் கேட்டது.

"மாணிக்கம், நான் உன்ர தலைமாட்டிலதானே நிண்டனான். காலடிக்கு வரவே இல்லை. வர இடமும் இல்லை. நான் கதவடிக்கு வரேக்க உன்ர காலடியில ஒரு ஆள் குனிஞ்சு நிண்டது. மொட்டைத் தலை. திரும்பிப் பாக்கேல்ல. நீ சாரி கட்டுற பொம்மை எண்டுதான் நினைச்சன்."

"பொம்மை ஒம்பதும் சுவரோரம்ணே. அன்னைக்குப் பின்னேரம் எண்ணிப் பாத்தேன். ஒண்ணும் இடம் மாறல்ல."

"அதுதான்டா நானும் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்" என்றார். பிறகு, "சரி, சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

வீட்டில் இன்னும் ஒருவரும் வரவில்லை. மேசைக்குக் கீழே கால் இரண்டையும் நன்றாக அகட்டி வைத்துக்கொண்டுதான் இந்த வரியை எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனை,
2025 ஓகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை.